அஞ்சலையின் முகத்தைக் கழுவிய நாள்

அன்றைக்குக் காலனி வாசகசாலையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான் ஒருவன். வாசகசாலைச் செயலாளர் செல்வம், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், அன்று லீவு போட்டிருந்தான். டேனியல், கென்யாவிலிருந்து வந்து நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். தனலட்சுமி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, காலமாகிப்போன அஞ்சலையம்மாவின் ஒரே மகள். கன்னியம்மா, அஞ்சலையம்மாவோடு சேர்ந்து சிறு வயதிலிருந்து நாற்று நட்டவர். வேறு யாரும் இல்லை. பின்னாளில் பல பேர் நானும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் பேர் பேராக எழுதுகிறேன்.

போட்டோத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லென்ஸைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் இப்போது நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தர வேண்டும். நாற்பது வருஷத்தில் கெடுத்த படங்கள் எனக்கு நிறைய உண்டு. கல்யாணத்தில் தாலி கட்டும்போது பிளாஷ் எரியாமல் போயிருக்கிறது. அதெல்லாம் திட்டு வாங்கியதோடு முடிந்தது. இது ஒன்றுதான் முடியவில்லை, எனவே இதை எழுதுகிறேன்.

பூந்தமல்லியில் என் ஸ்டூடியோ. பஸ் ஸ்டாண்டிலிருந்து பாரிவாக்கம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே. கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை, அதன் மேல் சீப்பு, பவுடர் டப்பா. வந்து உட்காருகிறவர்கள் கேட்காமலே பவுடரை எடுத்துப் பூசிக்கொள்வார்கள். பூசிவிட்டு என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "கொஞ்சம் கலரா எடுத்துக் குடுங்க." பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் அம்மாக்காரி கூடவே வந்து காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவாள். நானும் செய்வேன். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புச் சாயத்தை மெல்லிசான தூரிகையால் தடவினால், அச்சு போடும்போது அந்த இடம் வெளுத்து வரும். அதற்கு டச்சிங் என்று பெயர். எங்கள் பக்கத்தில் டச்சிங்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று பேர் எடுத்திருந்தேன். கறுத்த பெண்ணைக் கோதுமையாக்குவது ஒரு உபகாரம் என்றே நினைத்திருந்தேன். அதனால் சில கல்யாணங்கள் நடந்தன. அதே படத்தை நம்பிப் பெண்ணை நேரில் பார்க்க வந்து, காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்துபோனவர்களும் உண்டு. அதை நான் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு காலனியில். என் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்துவிட்டுப் பிறகு தொழிற்சாலையில் மூட்டை தூக்கப் போனவர். கடை போட்ட பிறகு நான் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கல்யாண ஆர்டர் எல்லாம் சுற்றுவட்டத்து ஊர்க்காரர்களிடமிருந்து வந்தது. நிலம் வைத்திருந்த பழைய குடும்பங்கள். தெரிந்தால் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்று எனக்குப் பயம். யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்றே பத்து வருஷம் ஓடியது.

டேனியல் முதலில் என் கடைக்கு வந்தது பாஸ்போர்ட் அளவில் ஆறு படம் எடுத்துக்கொள்ள. ஏதோ ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்றான். எடுத்தேன். என்னால் முடிந்த உபகாரத்தை அவனுக்கும் செய்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தான். இரண்டு வருஷமாக நம் தெருவிலேயே தமிழ் கற்றுக்கொண்டவன், நம்மைவிட மோசமாகப் பேசுவான்.

"அண்ணா, இந்த போட்டோவுல கீற ஆளை இட்டுகினு வான்னு சொல்லிட்டான்."

"யார்?"

"ஆபீஸ்ல. இது நான் இல்லியாம். நானும் பார்த்தேன். மெய்யாலுமே நான் இல்ல. இது என் ஆவி."

அவன் சிரித்தான். எனக்கு உடம்பு கூசிப்போனது. வேறு எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியூர்க்காரன், அடையாளத்துக்குக் கேட்கிறான், அவனுக்கு அவன் நிறத்திலேயே வேண்டும், நம்ம ஜனத்துக்கு அப்படி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு தப்பைச் செய்தவன் அதைத் திருத்திக்கொண்டதாக நினைத்து, அதற்கு ஒரு எல்லையும் போட்டுக்கொண்டால், அடுத்த தப்பு அந்த எல்லைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இது என் அனுபவம்.

அதன் பிறகு டேனியல் அடிக்கடி கடைக்கு வருவான். செல்வமும் ஷிப்ட் முடிந்து வருவான். இரண்டு பேருக்கும் பழக்கமானது என் கடை வாசலில் டீ குடித்துத்தான். ஒருநாள் டேனியல் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தான். அமெரிக்காவில் படிக்கிற அவன் மாமா அனுப்பியது. அங்கே இருக்கிற கறுப்பு ஜனங்களின் வரலாறு, பூராவும் படம். பஸ்ஸில் தங்களைத் தனியாக உட்காரச் சொன்னதற்காக மாசக்கணக்கில் பஸ் ஏறாமல் வேலைக்கு நடந்தே போன ஜனங்கள். தங்களுக்குச் சாப்பாடு போடமாட்டேன் என்று சொன்ன ஓட்டலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவர்கள். ஒரு சாவு ஊர்வலத்தில் தலை நிமிர்ந்து நின்ற பெண்கள்.

செல்வம் அதை வாங்கிக்கொண்டு போய்க் காலனியில் காட்டினான். கன்னியம்மா ரொம்ப நேரம் பார்த்தாராம்.

"இவுங்க காலனி எந்தாண்ட கீது?"

"அமெரிக்காவுல, ஆயா."

"அங்கியும் காலனி கீதா?"

இதைச் செல்வம் என்னிடம் வந்து சொன்னபோது டேனியலும் இருந்தான். நாங்கள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டோம். டேனியல்தான் சொன்னான், "இந்தப் படம் எல்லாம் பெருசா போட்டு மாட்டணும். பக்கத்துலியே இவங்க படம். அங்க நடந்தது இங்க நடந்தது ரெண்டும்."

அங்கேதான் அஞ்சலையம்மாவின் கதை வருகிறது. அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால், எண்பதுகளின் நடுவில், காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி அடைபட்டது. வழியில் இருந்த நிலத்தை ஊர்க்காரர்கள் மனை போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள். கல்லு நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள். ஒரு பெரியவரின் பாடை பாதி வழியில் திரும்பி வந்தது. ஏரிக்கரையில் அவரைப் புதைத்தார்கள். மறுநாள் காலை அஞ்சலையம்மா போய் முள்கம்பிக்கு முன்னால் உட்கார்ந்தார். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மற்ற பெண்கள். ஒன்பது நாள். கஞ்சி அங்கேயே வந்தது. மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், கடைசியில் அதிகாரி வந்து அளந்த பிறகு வழி விட்டார்கள். பாடை தூக்குகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகப் போகிற அகலம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ செல்வம் என்னைக் கூப்பிட்டான். "அண்ணாத்தே, ஒரு பேப்பர்காரனும் வரல. நீ வந்து எடு." போனேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் எதிரே மரத்தடியில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை முந்தின வாரம்தான் எடுத்திருந்தேன். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கேமராவைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். "ஒண்ணுதானா?" என்று செல்வம் கேட்டான். ரோல் தீர்ந்துவிட்டது என்றேன். கேமராவில் தீர்ந்தது நிஜம். பையில் இன்னொரு ரோல் இருந்தது.

அந்தப் படத்தை நான் அச்சு போடவில்லை. கல்யாண நெகட்டிவோடு ஒரு கவரில் போட்டு வைத்துவிட்டேன். யாராவது பார்த்து நீயா எடுத்தாய் என்று கேட்டால்? செல்வம் இரண்டு தடவை கேட்டான், பிறகு விட்டுவிட்டான். அஞ்சலையம்மா பின்னால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் மாலை போட ஒரு படம் இல்லை. அந்தக் காலத்து ரேஷன் கார்டில் படம் கிடையாது. அந்த அம்மா ஒருநாளும் ஸ்டூடியோ படி ஏறியதில்லை. ஆக, அந்த முகம் இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு என் கவருக்குள் இருந்த உள்ளங்கை அகல நெகட்டிவ் ஒன்றுதான் சாட்சி.

கண்காட்சி என்று முடிவானதும் அதை வெளியே எடுத்தேன். அமெரிக்கப் படம் பத்து, காலனி வீடுகளில் செல்வம் கேட்டு வாங்கிவந்த படம் பத்து, நடுவில் அஞ்சலையம்மா பெரிதாக. இரண்டு வாரம் உழைத்தேன். இத்தனை வருஷம் ஒளித்து வைத்த குற்றத்துக்கு ஈடாக இந்தப் படத்தை நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. நெகட்டிவில் சாயத்தைத் தடவினேன். கன்னம், நெற்றி, மூக்கு, கழுத்து. அஞ்சலையம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவையும் விடவில்லை. என் வாழ்க்கையில் செய்த டச்சிங்கிலேயே அதுதான் சிறந்தது என்று அன்று நினைத்தேன். பத்திரிகைப் படங்களைக் காப்பி எடுத்தபோதும் கையை அதே போக்கில் விட்டேன்.

திறப்புக்கு முந்தின நாள் காலை பத்து மணி இருக்கும். தகரக் கூரை, நல்ல வெயில் காலம். படங்களைக் கட்டுப் பிரித்து பெஞ்சின் மேல் அடுக்கினோம். அஞ்சலையம்மா படத்தைக் கடைசியாகப் பிரித்து, சுவரில் சாய்த்து வைத்தேன். தனலட்சுமி அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மாவின் படத்தை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் படத்துக்குப் பின்னால் வேறு படம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். "எங்கம்மா படம் எங்கண்ணா?" என்றாள்.

கன்னியம்மாதான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இன்னா நைனா இது? புடவை அஞ்சல புடவை. குந்திகினு கீறதும் அவ மாரிதான் கீது. மூஞ்சி யாருது? ஊர்த்தெரு ஊட்டம்மா மாரி இல்ல கீது?" பிறகு பக்கத்தில் இருந்த உருவத்தில் விரலை வைத்தார். "இத்தோ, இது யாரு?"

"நீங்கதான்."

"அடப்பாவி. எனக்கு எப்போ இப்படி வெள்ளாவி வெச்ச?"

வேறு சமயமாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்போம். டேனியல் பத்திரிகைப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்து போன ஜனங்களின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னான். "அண்ணா, இவங்களும் சாம்பலா போயிட்டாங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். "லட்சணமா இருக்கட்டும்னுதான்மா..."

தனலட்சுமி திரும்பினாள். "எங்கம்மா லட்சணமா இல்லன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

செல்வம் நடுவில் வந்தான். அவனைத் தப்பு சொல்ல முடியாது, பொறுப்பு அவன் தலையில். "தனம், நோட்டீஸ் அடிச்சாச்சு. நாளைக்கு பத்து மணிக்கு ஆவடிலேர்ந்துலாம் ஆளுங்க வராங்க. இப்போ இத்த மாட்டிடுவோம். அஞ்சலக்காவ தெரியாதவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? அப்பால மாத்திக்கலாம்."

"தெரியாதவங்க பாக்கத்தானே மாட்றோம்? அவங்க இத்தத்தான் எங்கம்மான்னு நினைச்சிகினு போவாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தொழிலில் ஒரு நெருக்கடி வந்தால் முதலில் வருகிற எண்ணம் நம்மைக் காப்பாற்றிக்கொள்கிற எண்ணம்தான். எனக்கும் அதுதான் வந்தது. இனி ஒன்றும் செய்ய முடியாது, சாயம் ஏறியது ஏறியதுதான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். தொழில் தெரியாதவர்கள், நம்புவார்கள். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏற்கெனவே முள்கம்பி எதிரே ரோல் தீர்ந்துவிட்டது என்று ஒன்று சொல்லியிருந்தேன். இரண்டாவதை என்னால் சொல்ல முடியவில்லை.

உள்ளதைச் சொன்னேன். சாயத்தைத் தண்ணீரில் கழுவி எடுக்கலாம். ஆனால் பழைய நெகட்டிவ். இந்த வெயிலில் குழாய்த் தண்ணீர் கொதிக்கிறது. சூட்டில் படம் பதிந்திருக்கிற படலம் இளகி, உரிந்து வந்துவிடலாம். உரிந்தால் படமே இல்லை. வெளுத்த படமும் இல்லை, கறுத்த படமும் இல்லை, ஒன்றுமே இல்லை. கழுவாமல் விட்டால் இது மட்டும் இருக்கும். "நான் முடிவு பண்ணக் கூடாதும்மா. நீ சொல்லு."

தனலட்சுமி படத்தைப் பார்த்தபடியே கேட்டாள். "போச்சுன்னா மொத்தமா போயிடுமா?"

"போயிடும்."

"கழுவிடுங்க."

செல்வம், "யோசிச்சு சொல்லு தனம்" என்றான்.

"யோசிச்சிட்டேன். போச்சுன்னா படம் இல்லாத எங்கம்மா. இத்தினி நாள் அப்படித்தானே கீறாங்க? இத்த மாட்டினா வேற யாரோ எங்கம்மா ஆயிடுவாங்க."

பிள்ளைகளே, அந்த முகம் யாருடையதோ அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய ஆட்களிடம் கேளுங்கள். அபாயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நான் பத்திரமானதையே தேர்ந்தெடுக்கிற ஆள். என்னிடம் விட்டிருந்தால் அந்தப் பொய் முகத்தைத்தான் காப்பாற்றி வைத்திருப்பேன்.

தண்ணீரைக் குளிர வைக்க ஐஸ் வேண்டும். கன்னியம்மாவுக்கு மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒருத்தியைத் தெரியும். டேனியலின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனார். ஆறடி ஆப்பிரிக்கப் பையன் சைக்கிள் மிதிக்க, பின்னால் கன்னியம்மா வைக்கோல் சுற்றிய ஐஸ் பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வர, பூந்தமல்லி கடைத்தெரு முழுக்க நின்று பார்த்ததாம். "டேய், ஐஸு கரையுது, மிதிடா" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்திருக்கிறார்.

என் கடையில் நாலு பேரும் நின்றார்கள். நான் தட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்து நெகட்டிவை இறக்கினேன். முதல் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. மாற்றினேன். இரண்டாவதிலும் கொஞ்சம் சிவப்பு. மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எனக்குச் சந்தேகம். எங்கேயாவது சாயம் ஒட்டிக்கொண்டிருக்குமோ, மறுபடியும் அந்தப் பெண்ணிடம் தலை குனிய வேண்டி வருமோ என்று நாலாவது தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவதும் மாற்றினேன். அதற்குள் ஐஸ் தீர்ந்திருந்தது. ஐந்தாவது தண்ணீரில் நெகட்டிவின் வலது ஓரம் பாலாடை மாதிரிச் சுருங்கி, எழும்பி, என் கண் எதிரிலேயே தண்ணீரில் கரைந்து போனது. சட்டென்று வெளியே எடுத்தேன். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டேனியல்தான் வாங்கிப் பார்த்தான்.

"அம்மா கீறாங்க," என்றான். பிறகு, "கன்னியம்மா ஆயா இல்ல."

அந்த ஓரத்தில்தான் கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். தோளும் ஒரு கையும் மிச்சம். முகம் போய்விட்டது.

கவலைப்படுகிறவன் கவனமாக இருப்பான் என்று நினைக்காதீர்கள். முதல் மூன்று தண்ணீரை மாற்றியது கவனம். மற்ற இரண்டையும் மாற்றியது பயம். இரண்டும் ஒரே மாதிரிதான் கையை ஆட்டும்.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கன்னியம்மாவிடம் என்ன சொல்வது? ஒன்பது நாள் அவரும்தானே உட்கார்ந்தார்? அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? அவ போயிட்டா, அவளுக்கு வேற படம் வராது. நான் உசுரோட கீறேன் இல்ல? இன்னொரு தபா எடு."

சாயங்காலத்துக்குள் அஞ்சலையம்மா படத்தை அச்சு போட்டேன். தட்டில் மருந்துக்குள் அந்த முகம் எழும்பி வந்தபோது தனலட்சுமி இருட்டறைச் சிவப்பு விளக்கில் என் பக்கத்தில் நின்றாள். முதலில் கண்கள் வந்தன. பிறகு அந்தக் கறுப்பு. நெற்றியில் வெயில் பட்ட இடம் மட்டும் பளபளத்தது. எவ்வளவு கறுப்பு என்பதை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கறுப்புக்குள்தான் எல்லாமே இருந்தது. கன்னத்துச் சுருக்கம், கீழுதட்டை அழுத்திக் கடித்திருந்த விதம், முள்கம்பியைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்த பார்வை. நான் சாயத்தால் மூடியது இதையெல்லாம்தான். தனலட்சுமி தட்டுக்குள் கையை விட்டுப் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். மருந்தில் கையை விடாதே என்று சாதாரணமாகச் சொல்லியிருப்பேன்.

அமெரிக்கப் படங்களில் நாலைத்தான் திரும்பப் போட நேரம் இருந்தது. மிச்சம் ஆறை என்ன செய்வது என்றதும், வெளுத்ததை மாட்ட வேண்டாம் என்றான் டேனியல். பத்திரிகையை எடுத்துப் பிளேடால் அந்தப் பக்கங்களை அறுத்துக் கொடுத்தான். அவனிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். "மாமாகிட்ட இன்னா சொல்லுவ?" என்று செல்வம் கேட்டான். "காலனில கீதுன்னு சொல்லுவேன்."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கன்னியம்மாவைச் சுடுகாட்டுப் பாதைக்கே கூட்டிக்கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் கடையிலிருந்து பவுடர் டப்பாவையும் பையில் போட்டு வந்திருந்தேன். அவரே பார்த்துவிட்டார். "அது வோணாம். போட்டுகினா அஞ்சல என்னை கண்டுபுடிக்க மாட்டா." முன்பு உட்கார்ந்த இடத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். நானும் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஊர்க்காரர் ஒருவர். அடுத்த மாசம் அவர் மகளுக்குக் கல்யாணம், ஆர்டர் என்னிடம்.

"இன்னாப்பா, காலங்காத்தால இங்க குந்திகினு கீற?"

"இவங்களை எடுக்கிறேங்க."

"இவங்க உனக்கு இன்னா வேணும்?"

பத்து வருஷமாக வந்துவிடுமோ என்று பயந்த கேள்வி. அது எவ்வளவு சாதாரணமாக வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க ஜனங்க" என்றேன். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கல்யாணத்துக்கு வேறு ஸ்டூடியோவைக் கூப்பிட்டார்கள். இன்னும் இரண்டு ஆர்டரும் போயிற்று. மற்றவர்கள் கூப்பிட்டார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றுமே நடக்காமலும் இல்லை.

கண்காட்சி மூன்று நாள். அஞ்சலையம்மாவின் பக்கத்தில் கன்னியம்மாவின் படம். பழைய படத்தில் மிச்சமிருந்த அந்தத் தோளையும் கையையும் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தேன். இன்னொரு பக்கத்தில் நடந்து போகிற அந்த ஜனங்கள். ஆவடியிலிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறாமல் நடந்தவர்களுக்கும் அஞ்சலையம்மாவுக்கும் நடுவில் வந்தபோது எல்லாரும் ஒரே ஊர் ஜனங்கள் என்பதுபோல அவள் ஒரு விளக்கமும் சொல்லாமல் கடந்து போனாள். டேனியல் அதை எனக்குக் கண்ணால் காட்டினான்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனிலேயே முகத்தை வெளுக்கிற வசதி இருக்கிறது. சில போனில் நீங்கள் கேட்காமலே செய்துவிடுகிறது. தப்பு சரி என்று நான் பாடம் எடுக்கவில்லை. கேட்கிறவர்களுக்குச் செய்து கொடுங்கள், அது அவர்கள் முகம், அவர்கள் இஷ்டம். கேட்காதவர்களுக்குச் செய்யாதீர்கள். முக்கியமாக, இனிமேல் வந்து கேட்க முடியாதவர்களுக்குச் செய்யாதீர்கள்.

கண்காட்சி முடிந்த மறு வாரம் கணக்குப் பார்க்கும்போதுதான் ரசீது புத்தகத்தில் என் கையெழுத்தை நானே பார்த்தேன். மற்றப் படங்களுக்கு வாசகசாலை பணம் தந்தது. அம்மாவின் படத்துக்கு மட்டும் நானே தருவேன் என்று தனலட்சுமி ஓவர்டைம் பார்த்த காசை முன்கூட்டியே கொடுத்திருந்தாள். பெரிது பண்ணியது, பேப்பர், மவுண்ட் அட்டை என்று எழுதி, கடைசி வரியில் டச்சிங் என்றும் போட்டு வாங்கியிருக்கிறேன். காசை எடுத்துக்கொண்டு காலனிக்கு ஓடினேன். தனலட்சுமியும் கன்னியம்மாவும் வாசலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வேணாம்ணா," என்றாள் தனலட்சுமி. "ஆயாவ எடுத்தீங்களே, ஒருநாள் அத்த பெருசு பண்ணி மாட்ட வேண்டி வரும். அப்போ கழிச்சுக்கோங்க."

"அடிப்பாவி, என் சாவுக்கு இப்பவே அட்வான்ஸு குடுக்குறியா?" என்று கன்னியம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தார். மூன்று பேரும் சிரித்தோம். கொடுக்காமலே திரும்பி வந்தேன்.

அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்துவிட்டுத்தான் கன்னியம்மா போனார். பாதையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, எதையும் தொடாமல், நானே கொண்டுபோய் மாட்டினேன். அவர் படத்துக்குக் காசு வாங்க எனக்குக் கை வரவில்லை. வாங்காததால் கழிக்கவும் முடியவில்லை. ஆகையால் அஞ்சலையம்மாவின் முகத்தை வெளுத்ததற்கு நான் வாங்கிய கூலி இன்னும் நான் தனலட்சுமிக்குத் தர வேண்டிய கடனாகவே நிற்கிறது. பதினைந்து ரூபாய்.